நோகாத புண்

கோமாரியிலும் அயற்கிராமங்களிலும் வயற்காவல், மாடு மேய்த்தல், விறகு என்று காட்டோரத்தை நம்பி வாழ்வோர் பலர். கையிலோ முகத்திலோ ஒரு சிறு பரு தோன்றினால், நோவும் இல்லை, கடியும் இல்லை என்று மஞ்சளைப் பூசிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். மாதக்கணக்காக ஆறாத புண்ணாக அது மாறினால், லீஷ்மேனியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோயாகவும் இருக்கலாம்.

இக்கிருமியை உலகுக்கு இனங்காட்டியவர்கள் படை மருத்துவர்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் சேவையாற்றித் திரும்பிய சிப்பாய் ஒருவர் 1900இல் இங்கிலாந்தில் காய்ச்சலால் இறந்தார். அவரது மண்ணீரலில் கண்ட கிருமியைப் பிரித்தானிய இராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1903இல் விவரித்தார். இந்திய மருத்துவச் சேவையைச் சேர்ந்த சார்ள்ஸ் டொனவன் அதே ஆண்டில் சென்னையில் அதனை உறுதிப்படுத்தினார். இருவர் பெயராலும் அது லீஷ்மேனியா டொனவனி எனப்படுகின்றது. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கி உயிர்குடிக்கும் இக்கிருமி, இலங்கையில் பெரும்பாலும் தோலையே தாக்குகின்றது.

நம் நாட்டிலேயே தொற்றுக்குள்ளான முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். 2000ஆம் ஆண்டுக்குப் பின் நோய் பெருகியபோது, வடபகுதிக் காடுகளில் கடமையாற்றிய இராணுவத்தினர் பலர் நோயாளராயினர். சிப்பாய் நோயுற்றால் படை பலவீனமடையும். ஆகவே அவன் புண்ணைப் பார்க்க மருத்துவர் உண்டு, ஆராய ஆய்வுகூடம் உண்டு. ஏழைக் கமக்காரனின் புண்ணை யார் பார்ப்பது? படைவீரனுக்காகத் தேடிய அறிவு அவனுக்கும் உரியதல்லவா?

நோயைப் பரப்புவது நுளம்பிலும் மிகச் சிறிய மணல் ஈ. சத்தமின்றிப் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் கடிக்கும். சாதாரண நுளம்பு வலைக்குள்ளும் நுழையும். ஈரமண்ணிலும் உக்கிய குப்பையிலும் பெருகும். எனவே வீட்டைச் சுற்றியுள்ள சாணத்தையும் சருகையும் அகற்றுவோம். மாலையில் உடலை மூடும் உடை அணிவோம்.

ஆறாத புண்ணை அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். புண்ணின் ஓரத்தில் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் புண்ணிலேயே ஊசிமருந்து ஏற்றுவார்கள், அல்லது கடுங்குளிரால் உறையவைத்துச் சிகிச்சை செய்வார்கள். இடையில் நிறுத்தாமல் முழுமையாகப் பெறவேண்டும். 2008 முதல் இது சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய்.

தொட்டால் இது ஒட்டாது. எனவே புண்ணுள்ளவரை ஒதுக்காதீர்கள். காயப்பட்டவனைக் கண்டும் விலகிப் போனவர்களை நற்செய்தி நமக்குக் காட்டியிருக்கிறது. நாம் நின்று பார்ப்போம். வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வோம்.