விடை பின்பக்கத்தில் இருந்த காலம்

ஒரு மூட்டை விலை 3 ரூபாய் 11 அணா 9 பை. 7 மூட்டைக்கு எவ்வளவு? 1957க்கு முன்பு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த கணக்குகளெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். முதலில் 63 பை. அதை 5 அணா 3 பை ஆக்கி, அணாவைப் பெருக்கி 77 ஆக்கி, அந்த 5ஐச் சேர்த்து 82 ஆக்கி, 16ஆல் வகுத்து, 5 ரூபாய் 2 அணா என்று பிரித்து, கடைசியில் 26 ரூபாய் 2 அணா 3 பையில் வந்து நிற்க வேண்டும். நடுவில் எங்கே சறுக்கினாலும் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்ததும் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது.

அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி இருந்தது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. அந்தப் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. எல்லாம் உரக்கச் சொல்லி மனப்பாடம் ஆக வேண்டும். இன்று கணக்குப் பட்டதாரிகளிலேயே காணிக்கும் மாவுக்கும் கணக்குச் சொல்லத் தெரிந்தவர் குறைவு. ஆகவே, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனக்கணக்கே வரவில்லை' என்ற புலம்பல் எல்லாத் தலைமுறைக்கும் உரியது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சுமையை இறக்கிவைத்துவிட்டுத்தான் நடந்திருக்கிறது. மடக்கை அட்டவணையைக் கால்குலேட்டர் ஓரங்கட்டியபோது யாரும் அழவில்லை.

இதுவரை இறக்கிவைத்தது எல்லாம் கைவேலை. இப்போது இறக்கிவைப்பது வேறு.

எண்பது, தொண்ணூறுகளில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் இருக்கும். விடை தெரியும், வழி தெரியாது. 6x² − 7x − 3ஐக் காரணிப்படுத்து என்றால், பெருக்கினால் −18 வரவேண்டும், கூட்டினால் −7 வரவேண்டும். ரஃப் நோட்டில் 3உம் 6உம் போட்டுப் பார்த்து, 1உம் 18உம் போட்டுப் பார்த்து, கடைசியில் −9உம் 2உம் மாட்டும். (3x + 1)(2x − 3) என்று எழுதிப் பின்பக்கத்தோடு ஒத்துப்பார்த்துச் சரி என்றால் வருகிற நிம்மதி தனி. வராவிட்டால் அடுத்த தெரு அக்காவிடம் போகலாம். அதுவும் இல்லையென்றால் காலையில் பிரேயர் மணி அடிப்பதற்குள் முதல் பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்து எழுதலாம்.

காப்பியடிப்பதைச் செல்போன்தான் கற்றுக்கொடுத்தது என்பவர்கள் கைடை மறந்துவிட்டார்கள். எல்லாக் கணக்குக்கும் எல்லாப் படியும் அதில் அச்சாகி இருந்தது. ஆனால் கைடுக்குப் புத்தகத்துக் கணக்குதான் தெரியும். வாத்தியார் 6ஐ 8 ஆக மாற்றிக் கரும்பலகையில் எழுதினால் போதும், கைடு வாய் மூடிவிடும்.

போன் வாய் மூடுவதில்லை. குரோஷியாவில் உருவாகி 2014இல் வெளிவந்த போட்டோமேத் செயலி, கேமராவைக் கணக்கின் மேல் காட்டினால் படிப்படியாகப் போட்டுக் காட்டியது. இப்போது அது கூகுளின் கையில். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வார்த்தைக் கணக்குகளும் அகப்பட்டுவிட்டன. கேள்வியைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது.

ஒரு வயதுக் கணக்கைப் பாருங்கள். தந்தையின் வயது மகன் வயதைப் போல் 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 9 மடங்கு. 'மகனின் வயது x என்க' என்று தொடங்குகிற இடத்தில்தான் இயற்கணிதமே இருக்கிறது. மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். அடுத்து, அப்பாவின் வயதில் 5ஐக் கழித்த பிள்ளை மகனின் வயதில் கழிக்க மறப்பான். 4x − 5 = 9x என்று எழுதுவான். x = −1 வரும். பிறக்காத மகன்! அந்த விடையைப் பார்த்து முதலில் முழித்து, பிறகு சிரித்து, 'ஐயோ, அவனுக்கும் அஞ்சு வயசு குறையணுமே' என்று 9(x − 5) போடுகிறவனுக்கு 8உம் 32உம் கிடைக்கும். அதன் பிறகு அந்தத் தப்பை அவன் எளிதில் செய்யமாட்டான். போனில் 4x − 5 = 9(x − 5) முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. நோட்டு சுத்தமாக இருக்கிறது. பிள்ளைக்கு −1 வரவே இல்லை.

இதற்காகப் பழைய வகுப்பறை திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு மனமில்லை. கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தெளிவாகத் தடைசெய்தது. அப்பா அம்மா பள்ளிக்கூடம் போகாத வீட்டில், ராத்திரி 10 மணிக்கு, 'அந்தப் பக்கம் போனால் குறி ஏன் மாறுகிறது' என்று ஒரு பெண் கேட்டால் சொல்ல இன்று ஏதோ ஒன்று இருக்கிறது. பத்து முறை கேட்டாலும் அது முறைக்காது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகூட இருக்கிறது. விளக்கம் கேட்கிறவளுக்கு இது நல்ல காலம். விடை மட்டும் கேட்கிறவனுக்குத்தான் ஆபத்து, இரண்டு பேரின் நோட்டும் ஒரே மாதிரி இருப்பதால் வாத்தியாருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வறைக்குள் செல்போனும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. அங்கே தெரிந்துவிடும், ஆனால் அது மார்ச் மாதம், காலம் கடந்துவிட்டிருக்கும்.

ஆகவே கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பயிற்சி 3.2 முழுவதும்' என்று வீட்டுப்பாடம் கொடுப்பதை விடுங்கள். தப்பாகப் போட்ட ஒரே ஒரு கணக்கை எழுதிக்கொடுத்து, எந்த வரியில் தப்பு, ஏன் என்று கேளுங்கள். மறுநாள் நோட்டில் டிக் போடுவதற்குப் பதில், இரண்டு பேரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்லுங்கள்.