வண்டி வைத்தியம் – 9: செல்ஃப் மோட்டாரைத் தூக்கிப் போடாதீர்கள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையவில்லை. “செல்ஃப் போச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்று பதில் வரும். பெரும்பாலும் போயிருப்பது மோட்டார் அல்ல. உள்ளே தேய்ந்து கிடக்கும் கார்பன் பிரஷ்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம் தாண்டும்போதெல்லாம் திருப்புட்குழிக்குள் திரும்பி, விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போவது என் வழக்கம். போன மாதம் அங்கே பட்டுத் தறி வைத்திருக்கும் நண்பரின் பழைய மாருதி 800 இப்படித்தான் நின்றிருந்தது. “அண்ணே, கழட்டிப் பாத்துடலாமா?” என்றார். கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

செல்ஃப் எடுக்கும் அந்த ஓரிரு நொடியில் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. முனையில் பூத்த வெள்ளை உப்பு, தளர்ந்த எர்த் வயர் எதுவானாலும் அந்த ஓட்டத்தை மறித்துவிடும். சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைத்தான் சோதிக்க வேண்டும். ‘டக டக டக’வென்று அடித்தாலும் அப்படியே. பேட்டரி நன்றாக இருந்து, மோட்டார் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் சுற்றினால், கார்பன் தேய்ந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. நண்பரின் வண்டி தட்டியதும் சுற்றியது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால் கரிப்பொடி கொட்டும். எங்களுக்கும் கொட்டியது. கார்பன் குட்டையாகி, அதை அழுத்தும் ஸ்பிரிங் எட்டாமல் நின்றது. கார்பன் உரசும் கம்யூட்டேட்டர் கறுத்திருந்ததே தவிர, பள்ளம் விழவில்லை. மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்ததும் செம்பு பளிச்சென்று வந்தது. எமரி தாள் வேண்டாம். அதன் துகள் செம்பில் பதிந்து புதுக் கார்பனைத் தின்னும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா, செம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இடுக்கில் சேர்ந்த கரியை ஊசியால் எடுத்துவிடலாம்.

சில மோட்டார்களில் கார்பனின் வாலைக் காயிலோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். ரேடியோவுக்குப் பயன்படும் 25 வாட் சால்டரிங் அயர்ன் அதற்குப் போதாது. அதேபோல் ஆர்மேச்சரில் வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் வைண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். அது வீட்டு வேலையல்ல.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக்கில் வந்தது. அதற்கு முன் ஹேண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது திருப்பியடித்தால் மணிக்கட்டு முறியும். நம்மூரில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இந்த மோட்டார்களைச் செய்தது. அப்படியும் அம்பாசிடர்காரர்கள் வெகுகாலம் டிக்கியில் ஹேண்டிலை வைத்திருந்தார்கள். கழற்றிப் பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் செல்ஃப் மோட்டார். நூறு ரூபாய்க் கணக்கில் முடிகிற வேலைக்கு ஆயிரங்களைக் கொட்டி, நல்ல செம்பைக் காயலான் கடைக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

பூட்டும்போது இரண்டு எச்சரிக்கை. பினியனோடு இருக்கும் கிளட்ச்சைப் பெட்ரோலில் ஊறவைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். துணியால் துடைத்தால் போதும். வெளியே வைத்துச் சோதிப்பதானால் மோட்டாரை வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள். கரண்ட் பட்டதும் துள்ளும்.

(அடுத்த வாரம்: சார்ஜ் ஏறாத ஆல்டர்னேட்டர்)