மரமேறும் கயிறும் உராய்வு விசையும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி செல்லும் வழியில் மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வித்துரா. இத்தகைய ஊர்களில் வீட்டுத் தோட்டங்களில் தென்னையோடு பலா, அயினி போன்ற பெருமரங்களும் ஓங்கி நிற்கும். மழைக்காலம் தொடங்குமுன் கூரைமேல் சாய்ந்த கிளைகளைக் கழித்தாக வேண்டும்.

தென்னை ஏறுவோர் காலில் மாட்டிக்கொள்ளும் வளையத்தை மலையாளத்தில் தளப்பு என்பர். குமரி, நெல்லைப் பகுதிகளில் அதுவே தளைநார். வளையத்தால் பிணைக்கப்பட்ட பாதங்கள் மரத்தை இருபுறமும் அழுத்துகின்றன. அழுத்தம் மிகுந்தால் உராய்வும் மிகும். ஆகவே எடையே ஆளைத் தாங்குகிறது. ஆனால் கட்டிப்பிடிக்க இயலாத பருத்த அடிமரத்திலும், கிளைகள் குறுக்கிடும் இடத்திலும் தளப்பு பயன்படாது. அங்கே கயிற்றைக் கிளைமேல் போட்டு ஏறும் முறை வேண்டும். அதற்கும் அடிப்படை உராய்வே.

முதலில், சிறு எடை கட்டிய மெல்லிய எறிகயிற்றை அடிமரத்தை ஒட்டிய கவட்டின் வழியே வீசி, அதைக்கொண்டு பெருங்கயிற்றை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். பட்டுப்போன கிளை ஆகாது. பச்சைக் கிளையும் கையளவு, அதாவது 10 சென்டிமீட்டராவது, பருத்திருப்பது நலம். ஏறுமுன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கிச் சோதிப்பர். கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் இடைக்கச்சையில் கட்டப்படும். மறுபக்கக் கயிற்றைச் சுற்றி, அதைவிடச் சற்று மெல்லிய வடத்தால் ஒரு பிடிமுடிச்சு இட்டு, அதையும் கச்சையுடன் இணைப்பர். எடை விழுந்தால் இறுகுவதும், எடை நீங்கினால் கையால் நகர்வதும் இம்முடிச்சின் இயல்பு. மலையேறுவோருக்காக இவ்வகை முடிச்சு ஒன்றை 1931ஆம் ஆண்டில் விளக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புரூசிக்.

இனிச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஏறுபவரின் எடை 70 கிலோகிராம் எனக் கொள்வோம். உராய்வே இல்லையெனில் கயிற்றின் இரு பக்கமும் 35 கிலோகிராம் வீதம் தாங்கும். ஆனால் கயிறு மரப்பட்டைமீது அரை வட்டம் வளைந்து செல்கிறது. உராய்வுக் குணகம் 0.3 ஆனால், நகரும் கயிற்றின் ஒரு பக்கத்து இழுவிசை மறுபக்கத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. (கிளையின் பருமனால் இவ்விகிதம் மாறுவதில்லை என்பது வியப்பே.) எனவே ஏறும்போது கையால் 50 கிலோகிராம் அளவு இழுக்க நேரிடும். இறங்கும்போதோ நிலைமை தலைகீழ்: முடிச்சின்மேல் விழுவது 20 கிலோகிராமே, எஞ்சிய 50 கிலோகிராமை மறுபக்கம் ஏற்கிறது.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பட்டை உரியாமலும், பலா, அயினி ஆகியவற்றின் பால் கயிற்றில் ஒட்டாமலும் இருக்கக் கிளையில் உலோக வளையம் மாட்டுவது நல்ல பழக்கமே. ஏறுவதும் எளிதாகும். ஆனால் கிளையின் உராய்வு குறைந்தவுடன் முடிச்சின்மேல் விழும் பாரம் 20இலிருந்து 35 கிலோகிராமை நெருங்கும். நேற்றுச் சொரசொரப்பான பட்டையின்மேல் நன்கு பிடித்த முடிச்சு இன்று நழுவக்கூடும். மழையில் நனைந்த கயிறும், புதுக் கயிறும் இவ்வாறே நடத்தையை மாற்றுவன. ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு மரத்திலும் தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே தொங்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டு ஒற்றைக் கயிற்றில் ஏறுவோரும் உளர். அப்போது கிளை தாங்கும் பாரம் ஆளின் எடையைப் போல் இரு மடங்குவரை உயரும். இருபக்கக் கயிற்றில் 70 கிலோகிராம் தாங்கிய கிளை 140 தாங்குமா என்பதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கயிற்றின் தரமும் முக்கியமானது. அமெரிக்க மரவேலைப் பாதுகாப்பு விதி, ஏறுகயிறு அறுபடும் வலிமை ஏறக்குறைய 2,450 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்கிறது. முடிச்சு, தேய்மானம், திடீர் அதிர்ச்சி ஆகியவற்றுக்கு இடம்விட்டே இவ்வளவு கேட்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் கயிறு வெயிலில் நைந்துபோகும். சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகியும் விடும். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியே உருகும். எனினும், வேகமாக வழுக்கி இறங்குபவரின் முடிச்சுவடம் அவ்வெப்பத்தையும் காணக்கூடும். அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கினால், அவ்வடம் அன்றே கழிக்கப்பட வேண்டியது.