இத்தாலி சமையலறையிலும் பருப்புதான் பலம்!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை என்ன சாப்பிடுகிறதோ என்று தினமும் கவலைப்படும் அம்மாக்களுக்காக இந்தக் கடிதம்.

என் மகள் இத்தாலியில், ஃபுளோரன்ஸ் நகரில் படிக்கிறாள். நாங்கள் சுத்த சைவம். முதல் வருஷம் அவளுக்குக் காலையில் ரொட்டி, மதியம் பீட்சா, ராத்திரி தக்காளி மட்டும் போட்ட பாஸ்தா. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான்! "துவரம்பருப்பு வாங்கணும்னா ரொம்ப தூரம் போகணும்மா, விலையும் ஜாஸ்தி" என்று போனில் அழுதாள். மனசு கேட்காமல் கிளம்பிப் போய், மூன்று மாதம் அவளோடு இருந்தேன்.

வழி காட்டியவர் மாடி வீட்டுப் பாட்டி. பயறு வகைகளை அங்கே 'ஏழைகளின் இறைச்சி' என்பார்களாம். ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி பகுதி மக்களுக்கு மற்ற ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயரே 'பீன்ஸ் தின்னி'! பச்சைக் காயை அல்ல, உலர்ந்த விதையைச் சொல்கிறார்கள். நம் ராஜ்மா இனத்தைச் சேர்ந்த 'கன்னெல்லினி' என்ற வெள்ளை விதை அது. 16-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்ததாம். அதற்கும் முன்னால் கொண்டைக்கடலையும் காராமணியும் இருந்திருக்கின்றன. ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோவின் குடும்பப் பெயரே கொண்டைக்கடலையிலிருந்து வந்ததுதான்!

பாட்டி சொல்லித் தந்த 'பாஸ்தா எ ஃபஜோலி' இதோ, நாலு பேருக்கு:

வெள்ளை பீன்ஸ் 200 கிராம் எடுத்து ராத்திரியே ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, முதல் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, குழைய வேக விடுங்கள். வெங்காயம், கேரட், செலரித் தண்டு, இரண்டு பல் பூண்டு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்குங்கள். நமக்குத் தாளிப்பு மாதிரி அவர்களுக்கு இது. இரண்டு தக்காளி சேர்த்து, வெந்த பீன்ஸில் பாதியை மசித்தும் பாதியை முழுசாகவும் போடுங்கள். பீன்ஸ் வெந்த தண்ணீரிலேயே 150 கிராம் சின்ன பாஸ்தாவையும் வேக வைத்தால் முடிந்தது. ஒரு பீட்சா விலைகூட ஆகாது.

கோதுமையில் குறைவான புரதக் கூறு பயறில் இருக்கிறது. பயறில் குறைவானது கோதுமையில் இருக்கிறது. நம் சாதமும் சாம்பாரும் போலத்தான். தக்காளியின் வைட்டமின் 'சி' பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்டவுடன் டீ, காபி மட்டும் வேண்டாம், அது தடுக்கும்.

இதே மாதிரி கொண்டைக்கடலையிலும் செய்யலாம். ஜெனோவா பக்கம் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுடும் 'ஃபரினாத்தா', நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி! தோலோடு இருக்கும் மைசூர்ப் பருப்பு போன்ற பருப்பைப் புத்தாண்டு இரவில் சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் காசு சேரும் என்று அங்கே நம்பிக்கை. பருப்பு காசு வடிவில் இருக்கிறதல்லவா!

சைவப் பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கை. ஓட்டலில் பீன்ஸ் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். அங்கே மேலே தூவும் 'பார்மிஜானோ' சீஸுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள்.

டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோடு இந்தச் சாப்பாடும் சேர்ந்தது. நான் ஊர் திரும்பும்போது மகளுக்கு ஹீமோகுளோபின் 11.8. இப்போது ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கான பீன்ஸை வேக வைத்து, ஃப்ரீசரில் பிரித்து வைத்துவிடுகிறாள்.

அதனால் தோழிகளே, பெட்டியில் ஐந்து கிலோ பருப்பைத் திணித்து அனுப்புவதோடு நிற்காதீர்கள். போகிற ஊர்க்கடையில் என்ன பயறு கிடைக்கும், அதை எப்படிச் சமைப்பது என்பதையும் கேட்டுத் தெரிந்து சொல்லி அனுப்புங்கள். பெட்டிப் பருப்பு இரண்டு மாதம் வரும். அந்தக் கைப்பழக்கம் படிப்பு முடியும்வரை கூட வரும்.

- ஒரு வாசகி