கலந்த இசையைப் பிரித்தல்

கச்சேரி ஒன்றில் அமர்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா ஆகிய ஐந்தும் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. ஆயினும் மிருதங்கம் பயிலும் மாணவன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மிருதங்கத்தின் சொற்களை மட்டும் பின்தொடர்ந்து செல்கிறான். அவன் அருகில் இருப்பவரோ பாடகரின் சங்கதிகளை மட்டும் சுவைக்கிறார். பலர் ஒருங்கே பேசும் விருந்துக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் நம் செவி எவ்வாறு தேர்ந்து கேட்கிறது என்பதை 1953-ஆம் ஆண்டில் கோலின் செர்ரி என்னும் ஆங்கில விஞ்ஞானி சோதனைகளால் ஆராய்ந்தார். செவிக்கும் மூளைக்கும் இவ்வாற்றல் இயற்கையாகவே அமைந்திருக்கிறது.

அதே மாணவன் வீட்டுக்குச் சென்று, பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கிறான். இப்பொழுது மிருதங்கம் வயலினுக்கும் குரலுக்கும் அடியில் அமுங்கிக் கிடக்கிறது. "மற்றவற்றை நீக்கிவிட்டு மிருதங்கத்தை மட்டும் கேட்க வழி உண்டா?" என்று அவன் வினவுகிறான். இந்த வினாவுக்கு விடை காண்பதே நம் நோக்கம். விடையை நாம் முதலில் கர்நாடக சங்கீதத்தில் தேடப் போவதில்லை. மேனாட்டு ராக் இசையிலிருந்து தொடங்கப் போகிறோம். அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

இந்த ஆராய்ச்சியை நினைக்கையில் பெங்களூர் நினைவுக்கு வருவது பொருத்தமே. தென்னாட்டில் ராக் இசைக்குப் பேரவை கூடும் நகரம் அது. அங்குள்ள அரண்மனை மைதானத்தில் 2002-இல் ரோஜர் வாட்டர்ஸும், 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும், 2007-இல் அயர்ன் மெய்டன் குழுவினரும் பாடிச் சென்றனர். கர்நாடக சங்கீதமும் அந்நகரில் செழித்து விளங்குகிறது. 2022 டிசம்பரில், இசையைக் கணிப்பொறியால் ஆராயும் அறிஞர்களின் உலக மாநாடு அந்நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கூடிற்று. இசைத் தகவல் மீட்பு என்று அத்துறைக்குப் பெயர். கலந்து ஒலிக்கும் இசையை அதன் உறுப்புகளாகப் பிரிப்பது அத்துறையின் நெடுநாளைய சிக்கல்களுள் ஒன்று.

இந்தச் சிக்கலின் இயல்பை விளக்க நம் அடுக்களையே போதும். அரிசியையும் உளுந்தையும் முழு மணிகளாகக் கலந்துவிட்டால், பொறுமையுள்ளவர் அவற்றைப் பொறுக்கிப் பிரித்துவிடலாம். இரண்டையும் அரைத்து மாவாக்கிய பின்னரோ, பிரிக்க முடியாமற் போகிறது. ஒலிகளை எந்த அளவுக்குக் கலந்தார்கள், எந்த அளவுக்கு அரைத்தார்கள் என்பதே நம் முதற் கேள்வி.

ஒரே ஒலிபெருக்கிக்காகச் செய்த பழைய ஒலிப்பதிவு, அரைத்த மாவு போன்றது. எல்லா ஒலிகளும் ஒரே அலையாகிவிடுகின்றன. இரு தடங்கள் உள்ள ஸ்டீரியோப் பதிவில் சிறிது இடம் கிடைக்கிறது: கிதார் இடப்புறமும், பியானோ வலப்புறமும் நிற்கலாம், பாடகரின் குரல் இரண்டிலும் சமமாக ஒலிப்பதால் நடுவே நிற்பது போல் தோன்றும். இதற்கு மேல் ஒரு படி ஏறியது சூழொலி. கேட்பவரைச் சுற்றி முன்னும் பின்னும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடம் அமைப்பது அது.

சூழொலியில் ராக் இசைக் குழுக்கள் முன்னரே நாட்டம் கொண்டன. பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1967 மே மாதம் லண்டனில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், ஒலியை அரங்கின் நாற்புறமும் சுழற்றும் கருவியைக் கையாண்டனர. 1973-இல் வெளிவந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்னும் தொகுப்புக்கு ஆலன் பார்சன்ஸ் நான்கு தடக் கலவை ஒன்றைச் செய்தார். அதில் ஒரு பாட்டின் தொடக்கத்தில் பல கடிகாரங்கள் ஒருங்கே மணியடிக்கும். அவற்றை அவர் ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிவு செய்து பின்னர் சேர்த்தார். அதே தொகுப்பு 2003-இல் ஜேம்ஸ் கத்ரி என்பவரின் கைவண்ணத்தில் ஆறு தடச் சூழொலியாக மறுபடியும் வந்தது.

ஆறு தடங்கள் எவை? முன்னே இடம், நடு, வலம் என மூன்று. பின்னே இடம், வலம் என இரண்டு. மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே ஒன்று. ராக் இசையில் பெரும்பாலும் தலைமைக் குரலும், பாஸ் கிதாரும், பெரிய முரசும் நடுத் தடத்தைச் சார்ந்திருக்கும். முன் இட வலங்களில் கிதார்களும் டிரம்மின் ஏனைய உறுப்புகளும் நிற்கும். பின் தடங்களில் துணைக் குரல்களோ, கீபோர்டோ, அரங்கின் எதிரொலியோ வரும். இது விதியன்று, கலவை செய்பவரின் விருப்பத்துக்கு ஏற்ப மாறும்.

இத்தகைய இசைத்தட்டு கையில் இருப்பவர் செய்யக்கூடிய முதற்காரியம் மிக எளியது. ஆறு தடங்களையும் கணிப்பொறியில் ஆறு தனிக் கோப்புகளாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியே கேட்பதே அது. சில தொகுப்புகளில் நடுத் தடத்தைத் திறந்தவுடன் பாடகரின் குரல் ஏறக்குறையத் தனியாக நிற்கக் கேட்கலாம். அவர் மூச்சு வாங்கும் ஒலியும், சொல்லின் இறுதியில் நா படியும் ஓசையும் கூடச் செவியில் படும். ஸ்டீரியோப் பதிவில் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் அறியாத துணைக் குரல் ஒன்று, பின் தடத்தில் தெளிவாக வெளிப்படுவதும் உண்டு.

ஆனால் நடுத் தடத்தில் குரலுடன் முரசும் சேர்ந்து வந்தால் என் செய்வது? இங்கேதான் கழித்தல் கணக்கு துணைக்கு வருகிறது. ஒலி என்பது காற்றில் எழும் ஏற்ற இறக்கம். ஓர் அலையைத் தலைகீழாகத் திருப்பி, அதே அலையுடன் கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; மௌனமே மிஞ்சும். ஸ்டீரியோவில் இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால், இரண்டிலும் சமமாக உள்ள குரல் மறைந்துவிடும். பாட்டின் குரலை நீக்கித் தாமே பாடி மகிழ்வோர் பலகாலமாகக் கையாளும் உபாயம் இது. சூழொலியில் இதற்கு மேலும் வசதி உண்டு. குரலின் ஒரு பங்கு முன் இடத் தடத்திலும் கலந்திருக்குமானால், நடுத் தடத்தை உரிய அளவுக்குக் குறைத்து இடத் தடத்திலிருந்து கழிக்கலாம், கிதார் தெளிவடையும்.

எனினும் இக்கணக்கில் சிறு பிழையும் பொறுக்காது. இரு தடங்களும் காலத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். வினாடிக்கு 10,000 முறை அதிரும் உயர்ந்த ஒலியை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாடியை 20,000 பங்காக்கி, அதில் ஒரு பங்கு அளவே ஒரு தடம் பின்தங்கினாலும், அழிய வேண்டிய ஒலி அழியாது, இருமடங்காகிவிடும். மேலும், குரலுக்குச் செயற்கையாகச் சேர்த்த எதிரொலி ஒவ்வொரு தடத்திலும் வேறுவேறாக அமைந்திருக்கும். ஆதலால் குரலைக் கழித்த பின்னும் அதன் நிழல் மட்டும் தொலைவில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

கணிதம் கற்றவர்களுக்கு இச்சிக்கலின் வேர் எளிதில் விளங்கும். அறிய வேண்டிய எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு எனில் விடை கிடைக்கும். எண்கள் பத்து, சமன்பாடு இரண்டு எனில் கிடைக்காது. இங்கே வாத்தியங்களே அறிய வேண்டிய எண்கள், தடங்களே சமன்பாடுகள். ஸ்டீரியோ இரண்டைத் தருகிறது; சூழொலி ஆறு வரை தருகிறது. அதனாலேயே பிரித்தலை அறிய விரும்புவோர் ராக் இசையின் சூழொலிப் பதிவுகளைத் தேடிச் செல்கின்றனர். நாம் அங்கிருந்து தொடங்கியதும் அதனாலேயே. 1970-களில் நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து வைத்த இசைத்தட்டுகளும் விற்பனையாயின. அவற்றை மறுபடியும் முழுமையாக விரிக்க இயலவில்லை என்பது இவ்வுண்மைக்கு நல்ல சான்று.

சமன்பாடு போதாத இடத்தில் அனுபவம் கைகொடுக்கக் கூடும். நம் செவியும் அப்படித்தான் செய்கிறது. மிருதங்கம் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அது முன்னரே அறிந்திருப்பதால் கூட்டத்திலும் அதனைக் கண்டுகொள்கிறது. இவ்வனுபவத்தைக் கணிப்பொறிக்கு ஊட்டுவதே அண்மைக்காலத்து முறை. ஒலியை நுண்ணிய காலத்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்தச் சுருதி எவ்வளவு வலுவுடன் இருக்கிறது என்று படமாக வரைகிறார்கள். அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்த வாத்தியத்துக்கு உரியது என்று கணிப்பொறி ஊகிக்கிறது. 2017-இல் வெளியிடப்பட்ட பயிற்சித் தொகுதி ஒன்றில் 150 பாட்டுகள் குரல், டிரம், பாஸ், ஏனையவை என நான்காகப் பிரித்துத் தரப்பட்டிருந்தன. அத்தகைய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே கணிப்பொறி தேர்ச்சி பெறுகிறது. 2019-இல் டீசர் நிறுவனத்தார் ஸ்பிளீட்டர் என்னும் நிரலை எல்லோரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். சூழொலியின் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே இத்தகைய நிரலுக்குக் கொடுத்தால் பயன் இன்னும் மிகுதி. ஏனெனில் அதன் வேலையில் ஒரு பாதியைக் கலவை செய்தவரே முடித்து வைத்திருக்கிறார்.

இம்முறையின் வலிமையை உலகம் பீட்டில்ஸ் குழுவினர் வாயிலாக அறிந்தது. ஜான் லெனன் 1970-களின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய பாட்டு ஒன்று கேசட்டில் கிடந்தது. 1995-இல் ஏனைய மூவர் அதனை முடிக்க முயன்று கைவிட்டனர். குரலைப் பியானோவிலிருந்து பிரிக்க அன்று வழி இல்லை. பின்னர் கணிப்பொறி அக்குரலைப் பிரித்தளித்தது. 'நவ் அண்ட் தென்' என்னும் அப்பாட்டு 2023 நவம்பரில் வெளிவந்தது. ஒரே தடமுள்ள கேசட்டிலிருந்தும் மறைந்தவரின் குரலை மீட்கலாம் என்பது உறுதியாயிற்று.

இனி நம் மாணவனிடம் திரும்புவோம். மேனாட்டுப் பாட்டுகளைக் கேட்டுத் தேர்ந்த கணிப்பொறி, நம் கச்சேரிக்கு வந்தவுடன் தடுமாறுகிறது. டிரம்மை அது அறியும். மிருதங்கத்தின் மீட்டலை அறியாது. வயலினோ பாடகரின் குரலை நிழல் போல் பின்தொடர்வது; குரல் எங்கே முடிந்து வில் எங்கே தொடங்குகிறது என்பது நமக்கே சில சமயம் மயக்கம் தரும். பயிற்சிக்கு வேண்டிய தனித்தனிப் பதிவுகளும் நம்மிடம் குறைவு. ராக் இசைக்காரர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியங்களைத் தனித்தனியே பதிவு செய்கின்றனர். நம்மவர்களோ ஒரே மேடையில் அருகருகே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கின்றனர். பாடகரின் மைக்கில் மிருதங்கம் கசிகிறது. மிருதங்கத்தின் மைக்கில் வயலின் கசிகிறது. அந்த நெருக்கமே நம் சங்கீதத்தின் உயிர். பிரிப்பவருக்கு அதுவே இடையூறு.

இக்குறையைப் போக்கும் முயற்சி 2011-இல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' என்னும் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து கிளைத்தது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேவியர் செர்ரா தலைமை வகித்த அத்திட்டத்தில் சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.களும் பங்கு கொண்டன. கச்சேரி மேடையில் ஒவ்வொரு மைக்கும் பதிவு செய்ததைத் தனித் தடமாகவே காத்து வைத்த 'சரகா' என்னும் தொகுதி அதன் பயன். கசிவுள்ள அத்தடங்களைக் கொண்டே கர்நாடக இசையில் குரலைப் பிரிக்கும் முறை ஒன்றைச் செர்ராவும் அவர் குழுவினரும் 2023-இல் வெளியிட்டனர். விடை முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. பழைய ஒலிப்பதிவுகளில் பக்கவாத்தியக்காரர்களின் கலை பெரிதும் அமுங்கிக் கிடக்கிறது. தலைமைக் கலைஞரின் பெயர் உறையில் பெரிதாக நிற்க, பின்னே வாசித்தவரின் விரல் நயம் செவிக்கு எட்டாமலே போயிற்று. குருவை நேரில் காண இயலாத மாணவனுக்கு அந்த விரல்களின் ஒலியைத் தனியே எடுத்துத் தர முடியுமாயின், அஃது ஒரு பாடசாலைக்கு ஒப்பாகும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். தம் குரல் துணையின்றித் தனியே நிற்பதை எல்லாக் கலைஞரும் விரும்புவதில்லை. கலவை செய்வோர் பலர் நடுத் தடத்தில் குரலைத் தனியே வைக்கத் தயங்குவதும் அதனாலேயே. கற்பதற்காகவும் ஆராய்வதற்காகவும் நியாயமான அளவில் பிரித்துக் கேட்பதற்கு நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. பிரித்ததைப் பிறரிடம் பரப்புவதும், பிறர் குரலை வேறு பாட்டில் ஒட்டுவதும் வேறு காரியம். உரியவர் இசைவின்றி அதைச் செய்வது முறையன்று.

இறுதியாக மற்றொன்று. பிரித்தெடுத்த மிருதங்கத்தைப் பத்து நாள் கேட்ட பின்னர், மாணவன் அதே பாட்டை முழுமையாக ஒருமுறை கேட்க வேண்டும். பாடகர் நிறுத்திய இடத்தில் மிருதங்கம் ஏன் அடங்கிற்று என்பது தனித் தடத்தில் தெரியாது. பிரித்துக் கேட்பது கற்பதற்கு. சேர்த்துக் கேட்பதே இசைக்கு.