வன்தட்டின் பிழை நீக்கம்

மடிக்கணினி பழுதடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால், ஊரிலிருந்து பாட்டி பாடி அனுப்பிய தாலாட்டும் அண்ணன் திருமணத்தின் ஒளிப்படங்களும் அதனோடு அழிந்தால், அவற்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே, அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் வன்தட்டில் பிழை நேரும்போது செய்ய வேண்டியவற்றை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வன்தட்டின் அமைப்பு

1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அதில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. இன்றைய மடிக்கணினியின் வன்தட்டோ உள்ளங்கையில் அடங்கிவிடும். அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கின்றன. தரவுகளைப் படிக்கும் முனை, தட்டினைத் தொடாமல் அதற்கு மிக அருகில் மிதக்கிறது. அவ்விடைவெளி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆகையால், இயங்கும்போது கணினி கீழே விழுந்தால் முனை தட்டில் உராய்ந்து அதனைச் சிதைக்கக்கூடும்.

இருவகைப் பிழைகள்

வன்தட்டை ஒரு நூலகமாகக் கருதுவோம். எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை நூலகப் பட்டியல் காட்டும். பட்டியலில் தவறு நேர்ந்தால், நூல் அடுக்கிலேயே இருந்தாலும் அதனைக் கண்டெடுப்பது அரிது. கோப்பு எழுதப்படும்போது கணினி திடீரென நின்றுவிட்டால், வன்தட்டின் பட்டியலும் இவ்வாறே குழம்பும். இது முதல்வகைப் பிழை.

நூலின் பக்கமே கிழிந்துபோவதைப் போன்றது இரண்டாம் வகை. தட்டின் பரப்பில் ‘செக்டர்’ எனப்படும் சிறு பகுதிகள் கெட்டுப்போவதே அது.

முதலில் நகல்

கோப்புகள் மிக மெதுவாகத் திறத்தல், காணாமற்போதல், கணினி அடிக்கடி உறைந்து நிற்றல் ஆகியவை பிழையின் அறிகுறிகளாகலாம். அவற்றைக் கண்டவுடன் பலர் பழுதுநீக்கும் பணியில் இறங்குவர். அது தவறு. முதலில் தேவையான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுக்க வேண்டும். பழுதுநீக்கும் நிரல் தட்டு முழுவதையும் பல மணி நேரம் படிக்கக்கூடும். நலிந்த வன்தட்டு அந்த உழைப்பைத் தாங்காமல் முற்றிலும் செயலிழக்கலாம்.

பிழை நீக்கும் முறை

விண்டோஸ் கணினியில் ‘செக்டிஸ்க்’ என்னும் நிரல் உள்ளது. அதனுடன் ‘எஃப்’ என்னும் குறியைச் சேர்த்து இயக்கினால் பட்டியல் பிழைகள் திருத்தப்படும். ‘ஆர்’ என்னும் குறியைச் சேர்த்தால், அவற்றோடு கெட்ட செக்டர்களும் கண்டறியப்பட்டு, படிக்க இயன்ற தரவுகள் மீட்கப்படும். விண்டோஸ் இயங்கும் பகுதியைச் சோதிக்க வேண்டுமாயின், கணினி மீண்டும் தொடங்கும்போதுதான் அப்பணி நடைபெறும். அது முடியும்வரை மின்னிணைப்பைத் துண்டித்தல் கூடாது.

கெட்ட செக்டரை இந்நிரல் குணப்படுத்துவதில்லை. இனி அங்கே எழுதாதவாறு குறித்துவைக்கிறது. பட்டியலைத் திருத்தலாம், கிழிந்த பக்கத்தில் இருந்த எழுத்தைப் புதிதாகப் படைக்க இயலாது. கெட்ட செக்டர்கள் பெருகிக்கொண்டே இருந்தால் வன்தட்டை மாற்றுவதே அறிவுடைமை. ‘டிக் டிக்’ என்னும் வழக்கமற்ற ஒலி கேட்டால், எந்நிரலையும் இயக்காமல் கணினியை நிறுத்தி, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

பழுது வந்தபின் நகலெடுக்க வாய்ப்புக் கிடைக்காமலும் போகலாம். ஆதலால், கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே நகலெடுத்து வைப்போர் இழப்பின்றி வாழ்வர்.

சிந்தித்து விடை எழுதுக

1. வன்தட்டின் இருவகைப் பிழைகளை நூலகத்தோடு ஒப்பிட்டு எழுதுக.
2. பழுது நீக்குவதற்கு முன் நகலெடுக்க வேண்டும். ஏன்?
3. உங்கள் வீட்டில் நகலெடுத்துக் காக்க வேண்டியவை யாவை? பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.