ரயில் விட்டுப்போன மலைப்பாதை

அமெரிக்காவில் மான்டானா, ஐடஹோ மாநிலங்களின் எல்லையில் பிட்டர்ரூட் மலைத்தொடர் நிற்கிறது. அதைத் தாண்டிப் பசிபிக் கரையை எட்ட 1906-ல் வேலையைத் தொடங்கிய மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனி, 1909-ல் வழியை முடித்தது. இன்று அங்கே ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பத்துச் சுரங்கப்பாதைகளும் ஏழு உயரப் பாலங்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன. சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அவற்றின் வழியே சைக்கிளில் போகலாம். அந்தத் தடத்தில் ஓடிய ‘ஒலிம்பியன் ஹயவாதா’ என்ற பயணிகள் ரயிலின் நினைவாக ஹயவாதா பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மலைப்பாதை என்றதும் மூச்சு வாங்கும் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளும்தான் நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் கிடையாது. சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்தே போகிறார்கள். ரயில் சக்கரத்துக்கு இருக்கும் ஒரு பலவீனம்தான் அதற்குக் காரணம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் சுமையை ஓட்டிக்கொண்டிருக்க இரண்டு மூன்று கிலோ அளவு இழுவிசை போதும். ரயிலின் சிக்கனமெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேடு வந்தால் கணக்கு மாறிவிடும். நூறு மீட்டருக்கு 1.7 மீட்டர் உயரும் சரிவில் டன்னுக்கு இன்னும் 17 கிலோ கூடுதலாக இழுக்க வேண்டும். பார்வைக்குச் சமதளம் போலத் தெரியும் சரிவுக்கே இந்தப் பாடு. சரிவு மேலும் மேலும் கூடினால் எஞ்சின் சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே சுழலும். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் நீலகிரி ரயில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறிவிடுகிறது. ஆனால் அதன் வேகம் நமக்குத் தெரியும். கண்டத்தைக் கடக்கும் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் மில்வாக்கி ரோடு பொறியாளர்கள் 1.7 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு மலையை வெட்டினார்கள். முகடு குறுக்கிட்ட இடத்தில் துளைத்தார்கள், பள்ளம் வந்த இடத்தில் எஃகுக் கால்கள்மேல் பாலம் போட்டார்கள், மற்ற இடங்களில் மலைச்சரிவை ஒட்டிப் பெரிய வளைவாகச் சுற்றி வந்தார்கள். கெல்லி கிரீக் பாலத்தின் உயரம் ஏறக்குறைய 70 மீட்டர், நீளம் 260 மீட்டர். பாதையின் மேற்பகுதியில் நின்றாலே, இனி நாம் கடக்கப்போகும் பாலங்கள் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் தெரியும்.

இருப்பதிலேயே பெரியது செயின்ட் பால் கணவாய்ச் சுரங்கம். நீளம் 2.7 கிலோமீட்டர். உள்ளே விளக்கு இல்லை, கோடையிலும் குளிர் எட்டு டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கூரையிலிருந்து நீர் சொட்டி, இரு ஓரங்களிலும் வாய்க்காலாக ஓடுகிறது. மாநில எல்லை இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே வருகிறது. மான்டானாவுக்கும் வட ஐடஹோவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் என்பதால், இருட்டில் அந்தக் கோட்டைத் தாண்டி ஐடஹோவுக்குள் நுழைகிறவர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ளலாம்.

இந்தச் சுரங்கங்கள் உயிரையும் காத்திருக்கின்றன. 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் பெருங்காற்றோடு பரவிய காட்டுத்தீ, இப்பகுதியில் சுமார் 12 லட்சம் ஹெக்டேரை விழுங்கியது. குறைந்தது 85 பேர் மாண்டார்கள். சுற்றிலும் காடு எரிய, ரயில்காரர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் போய் நின்று தப்பவைத்தார்கள்.

முதல் உலகப்போர்க் காலத்திலேயே இந்தத் தடத்தை மின்மயமாக்கிவிட்டார்கள். மான்டானாவின் ஹார்லோட்டன் முதல் ஐடஹோவின் ஏவரி வரை சுமார் 700 கிலோமீட்டருக்கு 3,000 வோல்ட் நேர்மின்சாரம் ஓடியது. சரிவில் இறங்கும் ரயிலின் மோட்டார்கள் பிரேக்காக மாறி, மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்கே திருப்பி அனுப்பின. இன்றைய மின்சாரக் கார்களில் புதுமையாகப் பேசப்படும் சங்கதி இது. இவ்வளவு இருந்தும் கம்பெனி பிழைக்கவில்லை. 1974-ல் மின் ஓட்டம் நின்றது, 1977-ல் கம்பெனி திவாலானது, 1980-ல் தடமே கைவிடப்பட்டது. சைக்கிள் பாதை திறந்தது 1998-ல்.

ரயில் தடத்தைச் சைக்கிளுக்கு ஏற்றதாக்குவது பெரிய வித்தை அல்ல. பருங்கற்கள்மேல் பொடிக்கல் பரப்பி உருளை ஓட்டி இறுக்க வேண்டும். பாலங்களில் தளம் போட்டுக் கைப்பிடி கட்ட வேண்டும். கடினமான வேலை, தடத்தைத் துண்டுபடாமல் காப்பதுதான். அமெரிக்காவில் பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு இருந்தது வழியுரிமை மட்டுமே; ரயில் நின்றால் நிலம் பக்கத்துக் காணிக்காரரிடம் போய்விடும். நடுவே ஒரு துண்டு போனாலும் பாதை போச்சு. இதற்காக 1983-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பிற்காலத்தில் ரயில் திரும்பி வரக்கூடும் என்று தடத்தை இருப்பில் வைத்து, அதுவரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம் என்றது அது. நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்கு முன்பே, 1967-ல், விஸ்கான்சின் மாநிலம் எல்ராய் – ஸ்பார்ட்டா தடத்தை இப்படித் திறந்து வழிகாட்டியிருந்தது. இப்போது நாடு முழுக்க இத்தகைய பாதைகளின் நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர்.

தண்டவாளம் பிடுங்கிய தடம் ரயிலுக்குக் கட்டிய சமாதி என்று வருந்தும் ரயில் பிரியர்கள் உண்டு. ரயில் ஓடுவதுதான் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அது நின்றுபோன பிறகு புதர் மண்டவிடுவதைவிட, அந்தப் பொறியாளர்களின் கணக்கை மக்கள் தங்கள் கால்களால் உணர்ந்து பார்ப்பதே அவர்களுக்கு மரியாதை என்பது என் கட்சி.

போக நினைப்பவர்களுக்கு: மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் பாதை திறந்திருக்கும். தலைக்கவசமும் விளக்கும் கட்டாயம். ஜூலையானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதையின் மேல்முனையான ஈஸ்ட் போர்ட்டலில் தொடங்கினால் கீழ்முனையான பியர்சன் வரை ஏறக்குறைய எல்லாமே இறக்கம்; அங்கிருந்து திரும்ப மேலே கொண்டுவிட பஸ் உண்டு. காலில் வலு இருந்தால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு மிதித்தே திரும்புங்கள். சரக்கு ரயில்களே ஏறிய சரிவு அது.